பராமரிப்பின் தரத்தை நோயாளியிலிருந்து அளப்பது: விடுதிக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அம்பாறைப் பொது வைத்தியசாலையிலோ முதல் நியமனம் பெற்று வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விடுதியில் நாள் முழுக்க எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறோம். காய்ச்சல் அட்டை, மருந்து அட்டை, குடித்த நீர், போன நீர், டியூட்டி மாறும்போது எழுதும் ஒப்படைப்புக் கொப்பி. இவை எல்லாம் நாம் என்ன செய்தோம் என்று சொல்லும். அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்பதை இவற்றிலிருந்து எடுப்பது சுலபமில்லை. அதற்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை ஒரு விடுதியில் எப்படித் தொடங்குவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

எதை அளக்கிறோம்?

அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்: அமைப்பு, செயல், விளைவு. பாரிசவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட ஓர் ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று மெத்தை இருக்கிறதா, இரவில் எத்தனை தாதியர் நிற்கிறார்கள் என்பது அமைப்பு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பினோமா என்பது செயல். வீட்டுக்குப் போகும்போது அவருடைய இடுப்பும் குதிக்காலும் புண் இல்லாமல் இருந்தனவா என்பது விளைவு. அட்டையில் இரண்டு மணிக்கொரு தடவை கையொப்பம் இருந்தும் புண் வந்திருந்தால், அந்தக் கையொப்பங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேட வைப்பது விளைவுதான். அதனால்தான் நான் விளைவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இதில் புதுமையும் இல்லை. கிரிமியப் போரில் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையில் வேலை செய்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், இறந்த படையினரில் பெரும்பாலானோர் காயத்தால் அல்ல, தொற்று நோய்களால்தான் இறந்தார்கள் என்பதை எண்ணிக் காட்டி, 1858இல் வரைபடமாகவே வெளியிட்டார். நம் தொழிலுக்கு எண்ணும் பழக்கம் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது.

நோயாளிக்கு நடப்பதெல்லாம் தாதியின் கணக்கில் வராது. மாரடைப்போடு வந்தவர் பிழைப்பது, அவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த மருந்து கிடைத்தது, இதயம் எவ்வளவு சேதப்பட்டது என்று பலதில் தங்கியிருக்கிறது. நம் கையால் கூடவும் குறையவும் கூடியவை வேறு. விழுதல், அழுத்தப் புண் (படுக்கைப் புண்), கனுலா (மருந்து ஏற்றப் போடும் மெல்லிய குழாய்) போட்ட நரம்பு, அதாவது இரத்த நாளம், வீங்குவது, சிறுநீர்க் கதீற்றரால் (சிறுநீர் வெளியேறப் போடும் குழாய்) வரும் தொற்று, தணிக்காமல் விட்ட நோவு, மருந்துத் தவறு. அமெரிக்கத் தாதியர் சங்கம் 1998இல் தொடங்கிய தரவுத் தொகுப்பும் ஏறக்குறைய இந்த வகை விடயங்களைத்தான் சேர்க்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை.

ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆசையில் ஆறேழு அளவுகளை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது மாதத்தில் இந்தக் கணக்கை எழுதும் கொப்பி வெறுமையாகிவிடும். ஒன்று போதும். எது என்று கேட்டால், நான் கனுலாவைத்தான் சொல்வேன். மருத்துவ விடுதி, சத்திர சிகிச்சை விடுதி, சிறுவர் விடுதி எங்கும் அது இருக்கிறது. எண்ணிக்கையும் நிறைய. அதனால் ஒரு மாதத்திலேயே ஏதாவது தெரியவரும். அழுத்தப் புண் அதைவிடப் பாரதூரமானது, ஆனால் சிறிய வைத்தியசாலையில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும், அதை வைத்துப் பழக முடியாது. கதீற்றர் தொற்றைத் தாதி தனியாகத் தீர்மானிக்க இயலாது, சிறுநீர்ப் பரிசோதனையும் வைத்தியரின் முடிவும் வேண்டும். அது பிறகு.

கனுலாவுக்கு ஒரு புள்ளி முறை இருக்கிறது, 0 முதல் 5 வரை. இடம் சுத்தமாக, நோவில்லாமல் இருந்தால் 0. இலேசான நோவோ இலேசான சிவப்போ மட்டும் இருந்தால் 1. நோவு, சிவப்பு, வீக்கம் என்ற மூன்றில் இரண்டு தெரிந்தால் 2. அந்த நேரமே கனுலாவைக் கழற்றி வேறிடத்தில் போட வேண்டும். நோவு நரம்பின் வழியே ஓடி, சிவப்பும் தடிப்பும் சேர்ந்தால் 3. விரலால் தடவும்போது நரம்பு கயிறு மாதிரித் தட்டுப்பட்டால் 4. அதோடு காய்ச்சலும் வந்தால் 5. ஒவ்வொரு ஒப்படைப்பிலும் பிளாஸ்டரை விலத்தி இடத்தைப் பார்த்து ஒரு எண் எழுத, பழகிய கைக்கு அரை நிமிடம் போதும். கழற்றும்போது 2 அல்லது அதற்கு மேல் இருந்தவை எத்தனை, அந்த மாதம் போட்டவை மொத்தம் எத்தனை என்பதுதான் உங்கள் அளவு. உதாரணமாக 120 கனுலாவில் 18 அப்படி என்றால் 15 சதவீதம்.

எது கணக்கில் வரும் என்று எழுதி வையுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் வரைவிலக்கணம் இருக்க வேண்டும். விழுதல் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும் போலத்தான் இருக்கும். ஆனால் கதிரையிலிருந்து வழுக்கித் தரையில் இருந்துவிட்டவரை ஒரு தாதி எழுதுவார், இன்னொருவர் காயம் இல்லைத்தானே என்று விட்டுவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் கருத்துப்படி, ஒருவர் தான் எண்ணாமல் தரைக்கோ வேறு தாழ்ந்த இடத்துக்கோ வந்துவிட்டால் அது விழுதல். காயம் பட வேண்டும் என்று இல்லை. கூட நின்ற மகள் தாங்கிப் பிடித்து மெல்ல இருத்திவிட்டாலும் எழுதுங்கள், பக்கத்தில் "தாங்கியது" என்று குறித்துவிடுங்கள்.

அழுத்தப் புண்ணுக்கு இதைவிடக் கவனம் தேவை. வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ ஒரு அம்மா பல வாரம் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு, இடுப்பில் புண்ணோடு வருகிறார். அது நம் விடுதியில் வந்த புண் இல்லை. ஆனால் வந்த அன்றைக்கே பார்த்துப் பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் விடுதிப் பதிவேடு) எழுதாவிட்டால், ஐந்தாம் நாள் அது நம்முடையதாகிவிடும். மாறாகவும் நடக்கும். இங்கே வந்த புண்ணை "வரும்போதே இருந்தது" என்று யாரும் சொல்லிவிடலாம். ஆகவே சேர்க்கும் விடுதியில் முதல் சில மணித்தியாலங்களுக்குள், எப்படியும் 24 மணித்தியாலத்துக்குள், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தோலைப் பாருங்கள். தலையின் பின்பக்கம், தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் கீழ் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிக்கால். ஒட்சிசன் குழாய் உரசும் காதின் பின்புறத்தையும் மறக்க வேண்டாம்.

புத்தகம் அழுத்தப் புண்ணின் முதலாம் நிலையை, விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு என்று சொல்கிறது. வெள்ளைத் தோலுக்கு எழுதிய அடையாளம் அது. வெயிலில் வயல் வேலை செய்து கறுத்த நம் ஆட்களின் தோலில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, குளிர்ந்து இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா, சேறு மாதிரி மெத்தென்று இருக்கிறதா? நிறம் ஊதாவாகவோ இன்னும் கருமையாகவோ மாறியிருக்கிறதா? நோயாளி அங்கே நோகுது என்கிறாரா? நல்ல வெளிச்சத்தில், பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால், நமக்குத் தெரியவரும் முதல் புண்ணே தோல் உடைந்த இரண்டாம் நிலையாக இருக்கும்.

வகுக்கும் எண்

போன மாதம் மூன்று பேர் விழுந்தார்கள், இந்த மாதம் நான்கு பேர். பராமரிப்பு மோசமாகிவிட்டதா? சொல்ல முடியாது. விடுதியில் எத்தனை பேர், எத்தனை நாள் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். இதற்கு நோயாளி நாள் என்ற கணக்கைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் விடுதியில் எத்தனை பேர் என்று இரவு டியூட்டி எப்படியும் எண்ணுகிறது. மாதம் முழுவதும் அந்த எண்களைக் கூட்டினால் அதுதான் நோயாளி நாள். விழுந்த எண்ணிக்கையை அதனால் வகுத்து 1000ஆல் பெருக்குங்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். ஓகஸ்டில் நோயாளி நாள் 900, விழுந்தவர் 3. வீதம் 3.33. டிசம்பரில் மழை, டெங்கு, விடுதி நிரம்பி வழிகிறது, நோயாளி நாள் 1240, விழுந்தவர் 4. வீதம் 3.23. ஆள் கூடியிருக்கிறது, வீதம் கூடவில்லை. கடுமையான மழைக்காலத்தில் அவ்வளவு நெரிசலிலும் வீதத்தைக் கூட விடாமல் வைத்திருந்த விடுதியை, நான்கு பேர் விழுந்தார்கள் என்று குற்றம் சொல்வது நியாயமாகாது.

இங்கே நம் விடுதிகளுக்கே உரிய ஒரு விடயம். கட்டிலை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். டெங்குக் காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், வாங்கில் ஒருவர், பாயில் ஒருவர் என்று இருக்கும். கட்டில் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் வீதம் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

கதீற்றருக்கு இதே போலக் கதீற்றர் நாள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், கதீற்றரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணிக் கூட்டுங்கள். மாதத்தில் 160 கதீற்றர் நாள், தொற்று 2 என்றால் ஆயிரத்துக்கு 12.5. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேவையில்லாத கதீற்றர்களை எல்லாம் விரைவாகக் கழற்றினால் கதீற்றர் நாள் குறையும், மிஞ்சுவது மிகவும் சுகவீனமானவர்களின் கதீற்றர்கள். வீதம் கூடியது போலத் தெரியலாம், ஆனால் தொற்று வந்தவர்களின் தொகை குறைந்திருக்கும். அதனால் வீதத்தையும் வெறும் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அழுத்தப் புண்ணுக்கு வேறு வழியும் உண்டு. மாதத்தில் ஒரு நாளைத் தெரிந்து, விடுதியில் உள்ள எல்லோருடைய தோலையும் இரண்டு தாதியர் சேர்ந்து பார்ப்பது. பார்த்தவர் 40, இங்கே வந்த புண்ணோடு இருப்பவர் 2 என்றால் 5 சதவீதம். திகதியை மாதா மாதம் மாற்றாதீர்கள்.

கொப்பியும் ஆபத்துப் புள்ளியும்

ஒரு சாதாரண சீஆர் கொப்பி போதும். திகதி, நேரம், பெட் ஹெட் டிக்கெட் இலக்கம், எந்த இடம், என்ன நடந்தது, அந்த நேரத்தில் எத்தனை தாதியர், எத்தனை நோயாளிகள். நோயாளியின் பெயரும் வேண்டாம், தாதியின் பெயரும் வேண்டாம். காலை 7, பகல் 1, இரவு 7 என்று ஒப்படைக்கும் மூன்று நேரத்திலும் ஒரே கேள்வி: "ஏதாவது எழுத இருக்கா?" இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வெற்று வரி, யாரும் பார்க்கவில்லை என்றும் பொருள்படும்.

எல்லா விடுதிக்கும் ஒரே மாதிரி நோயாளிகள் வருவதில்லை. இருபது வயது டெங்கு நோயாளிகள் நிறைந்த விடுதியில் புண் வராதது பெரிய காரியமில்லை. அதனால் ஆபத்தையும் எழுத வேண்டும். அழுத்தப் புண்ணுக்குப் பிரேடன் அளவு: உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலசைவு, சாப்பாடு, உரசல் என்று ஆறு விடயங்கள், மொத்தம் 6 முதல் 23 வரை. குறையக் குறைய ஆபத்து. 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவனம். விழுவதற்கு மோர்ஸ் அளவு, 0 முதல் 125 வரை, இது கூடக் கூட ஆபத்து. 45இலிருந்து உயர் ஆபத்து என்று பல இடங்களில் எடுக்கிறார்கள். இரண்டும் எதிர்த் திசையில் ஓடுவதால் புதியவர்கள் குழம்புவார்கள். கொப்பி அட்டையின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பக்கத்து விடுதியோடு ஒப்பிடுவதென்றால் உயர் ஆபத்து உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள்.

"யார் டியூட்டி?" என்ற கேள்வி

இந்தக் கணக்கு எதனாலும் கெடலாம், ஆனால் பயத்தால் கெடுவதுதான் அதிகம். ஒருவர் விழுந்தார் என்றதும் முதலில் "யார் டியூட்டி?" என்று கேட்டால், அடுத்த மாதம் அந்த விடுதியில் யாருமே விழமாட்டார்கள், கொப்பியில். கேட்க வேண்டியது வேறு. எந்த இடம்? எத்தனை மணி? தரை ஈரமா? வெளிச்சம் இருந்ததா? என்ன மருந்து குடித்திருந்தார்? மலசலகூடத்துக்குப் போகக் கூப்பிட்டாரா, கூப்பிட்டும் யாரும் வர முடியவில்லையா?

கணக்குத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் எண்கள் ஏறும். இதை முன்கூட்டியே சிஸ்டரிடமும் (விடுதிப் பொறுப்புத் தாதி) மேற்றனிடமும் (வைத்தியசாலையின் தலைமைத் தாதி) சொல்லி வையுங்கள். முன்பு எழுதாமல் போனவை இப்போது எழுதப்படுகின்றன, அவ்வளவுதான். அந்த ஏற்றத்தைப் பார்த்து யாராவது கோபித்தால் மொத்த முயற்சியும் அங்கேயே நின்றுவிடும்.

கோடு போட்டுப் பார்ப்பது

கட்டமிட்ட தாளில் மாதத்துக்கு ஒரு புள்ளி. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் சேர்ந்ததும் அவற்றைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடு மதிப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகளோ அதற்கு மேலோ கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது. ஐந்து புள்ளிகள் விடாமல் ஏறினாலும் இறங்கினாலும் அப்படித்தான். ஒரு மாதம் மட்டும் மேலே போனதற்குக் கூட்டம் வைக்க வேண்டாம். ஒரு மாதம் கீழே வந்ததற்குக் கேக் வெட்டவும் வேண்டாம்.

சிறிய வைத்தியசாலையில் வருடத்துக்கே நாலைந்து சம்பவம்தான் என்றால் மாதக் கணக்கு உதவாது. கடைசிச் சம்பவத்திலிருந்து அடுத்தது வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்த இடைவெளி நீண்டுகொண்டு போனால் நல்லது.

ஒன்றை மாற்றிப் பார்ப்பது

எண்களைப் பார்த்த பிறகு ஒரே ஒரு மாற்றம். விழுந்தவர்களில் பாதிப்பேர் விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்திருந்தால், தரை துடைக்கும் நேரத்தைச் சிற்றூழியர்களோடு பேசி மாற்றுங்கள், அல்லது அந்த நேரத்தில் உயர் ஆபத்துள்ளவர்களை நீங்களே கேட்டுக் கூட்டிப் போங்கள். கனுலா புள்ளி ஏறினால், மணிக்கட்டு மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் போட்டவை எத்தனை என்று பாருங்கள். ஏப்ரல் மே வெக்கையில் வியர்த்துப் பிளாஸ்டர் கழன்று, கனுலா உள்ளே ஆடி ஆடியே நரம்பு வீங்கிவிடும். மருந்தை அவசரமாக ஏற்றுவதும் ஒரு காரணம். கை கழுவுவதைச் சொல்லவே தேவையில்லை.

அழுத்தப் புண்ணில் உறவினரைச் சேர்க்காமல் எதுவும் நடக்காது. "புள்ள, கொஞ்சம் திருப்பி விடுங்கோ" என்று அப்பா கேட்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் மகளோ மருமகளோதான். முழுமையாகப் பக்கவாட்டில் போடாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவில் சரித்து வைக்கவும், கெண்டைக்காலின் கீழ் துணி மடித்து வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்கவும் காட்டிக்கொடுங்கள். அன்பினால் செய்கிற இரண்டு காரியங்களை மெதுவாகத் தடுக்க வேண்டியிருக்கும். நிறம் மாறிய இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது உள்ளே நொந்த தசையை இன்னும் சேதப்படுத்தும். நடுவில் ஓட்டையுள்ள வளையத்தில் இருத்துவது, வளையத்தின் விளிம்பில் இரத்த ஓட்டத்தை நெருக்கும்.

விளங்கியதா என்பதும் ஒரு விளைவு

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ்" என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்காக. விளங்கிச்சா என்று கேட்பதில் பயனில்லை. "வீட்ட போய் இன்சுலின் எப்படிப் போடுவீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவர் எத்தனை பேர், திருப்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தவர் எத்தனை பேர் என்று எழுதினால் அதுவே ஓர் அளவு. அம்பாறையில் தமிழ் நோயாளிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்த தாதியும், சிங்கள நோயாளிக்குத் தமிழ் மட்டும் தெரிந்த தாதியும் வாய்க்கலாம். அந்த இடத்தில் இந்த அளவு மிகவும் பெறுமதியானது, ஏனென்றால் அங்கே தலையாட்டுவதை விளங்கியதாக எடுத்துக்கொள்வது இன்னும் சுலபம். நீரிழிவுக் காலோடு வெறுங்காலில் வயலுக்கு இறங்கும் ஒருவர் மறுபடி விடுதிக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் இப்படிக் கேட்டுச் சொல்லிக்கொடுக்கும் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

நோவைக் கேட்பதிலும் இதே சிக்கல். பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு எண் சொல்லுங்கள் என்றால் முதியவர் முழிப்பார். "கொஞ்சமா, கூடவா, தாங்க ஏலாதா?" என்று கேட்டு நீங்கள் எண்ணாக மாற்றலாம். ஆனால் விடுதியில் எல்லோரும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும்.

ஏன் கொப்பியில் தாதியர் தொகை?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் லிண்டா எய்க்கன் குழுவினர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது, சத்திர சிகிச்சை நோயாளிகள் சேர்ந்து 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014இல் வெளியான ஆய்வும் அதே 7 சதவீதத்தைத்தான் காட்டியது. நம் விடுதிகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் உங்கள் கொப்பியில், விழுந்த நேரங்களில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்பது ஒரு வருடத்துக்கு எழுதப்பட்டிருந்தால், ஆள் போதாது என்று வாயால் சொல்வதற்கும் அந்தப் பக்கத்தை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இந்த வேலையில் தாதியருக்கு நேரடியாகக் கிடைக்கும் பலன் இதுதான் என்று நம்புகிறேன்.

தொடங்குவதற்கு முன் விடுதிச் சிஸ்டரிடமும், வைத்தியசாலையின் தர முகாமைத்துவப் பிரிவிடமும் சொல்லி அனுமதி பெறுங்கள். விடுதியைத் திருத்துவதற்காக எண்ணுவது வேறு, அதை ஆய்வாக எழுதி வெளியிடுவது வேறு. இரண்டாவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் படிக்கும் மாணவர்கள் இதை ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும். நோயாளியின் புண்ணைச் சொந்தக் கைபேசியில் படம் எடுக்கவே வேண்டாம். அளவை சென்ரிமீற்றரில் எழுதுங்கள், நீளம், அகலம், ஆழம். நீங்கள் லீவில் போகும் நாட்களில் கொப்பியை யார் பார்ப்பது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.